மினார்ஸ்கி ஏன் திரும்பிப் போனார்? லான்காஸ்டர் விமானத்தின் இரண்டு கன்னர்கள்

கனடா விமானப்படையில் கன்னராக (விமானத்தில் துப்பாக்கி இயக்குபவராக) இருந்த ஆண்ட்ரூ மினார்ஸ்கி, எரியும் விமானத்துக்குள் நண்பரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டார். அந்த நண்பரோ கடைசியில் யாருடைய உதவியும் இல்லாமல் பிழைத்துக்கொண்டார். அப்படியானால் மினார்ஸ்கியின் முயற்சி வீண்தானே, அதற்குப் பிரிட்டனின் மிக உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள். குண்டுவீச்சு விமானத்தில் கன்னர்களுக்கு அப்படி என்னதான் வேலை என்பது உங்கள் இரண்டாவது கேள்வி.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். லான்காஸ்டர் விமானத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது தெரியாமல் மினார்ஸ்கி செய்ததன் எடை விளங்காது.

லான்காஸ்டர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் முதன்மையான இரவுக் குண்டுவீச்சு விமானம். நான்கு எஞ்சின், ஏழு பேர். விமானி, பிளைட் எஞ்சினியர், வழி கணிக்கும் நேவிகேட்டர், குண்டு வீசுபவர், வயர்லெஸ் ஆபரேட்டர் ஆகிய ஐவரும் முன்பகுதியில் ஒருவர் தோளை ஒருவர் தொடும் தூரத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், இறக்கைகளைத் தாங்கும் பெரிய குறுக்குச் சட்டம் உடற்பகுதியின் உள்ளே இடுப்பு உயரத்துக்கு மறித்து நிற்கும். கனத்த உடையோடு இருட்டில் அதை ஏறிக் கடப்பதே பெரும்பாடு. அந்தச் சட்டத்துக்கு அப்பால் இருந்தவர்கள் இரண்டு பேர் மட்டும். முதுகுப் பக்கம் மேலே துருத்தி நிற்கும் கண்ணாடிக் கூண்டில் நடுக் கன்னர். வாலின் நுனியில் இன்னொரு கூண்டுக்குள் பின் கன்னர். இந்தச் சுழலும் கூண்டுகளை டரட் என்பார்கள். நடுக் கன்னர் கீழே இறங்கி வாலை நோக்கிச் சில அடிகள் வைத்தால் வலப்பக்கத்தில் பின்கதவு வரும். அதையும் தாண்டி, வால் இறக்கையின் சட்டத்தைக் கடந்து குனிந்தும் ஊர்ந்தும் போனால்தான் பின் கன்னரின் கூண்டு.

அதாவது ஒரே விமானத்துக்குள் ஐந்து பேர் ஒரு பக்கமும் இரண்டு பேர் இன்னொரு பக்கமும் இருந்தார்கள். ஆபத்து வந்தால் முன்னால் இருப்பவர்கள் மூக்குப் பகுதியின் தரையில் உள்ள திறப்பு வழியாகக் குதிப்பார்கள். பின்னால் இருக்கும் இருவர் தங்கள் வழியைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பின் கன்னர் சிக்கிக்கொண்டால் அதைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நடுக் கன்னர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின் கன்னரின் கூண்டு ஓர் ஆளை உட்காரவைத்து மூடிவிடும் அளவுக்குத்தான் இருக்கும். எதிரே நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். உள்ளாடைக்கு மேல் கம்பளி, அதற்கு மேல் மின்சாரத்தில் சூடேறும் உடை, அதற்கும் மேல் வெளியுடை. கையில் மட்டும் மூன்று அடுக்கு உறைகள். இருபதாயிரம் அடி உயரத்தில் குளிர் உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி வரை போகும். ஆக்சிஜன் முகமூடிக்குள் மூச்சின் ஈரம் பனிக்கட்டியாகும். அதைக் கையால் நொறுக்கிவிட்டுத்தான் மூச்சு விட முடியும். சூடேறும் உடையில் ஒரு கம்பி அறுந்தால் அந்தக் காலோ கையோ மரத்துப்போகும். இவ்வளவுக்கும் நடுவில், கூண்டின் முன்பக்கக் கண்ணாடியையே பல பின் கன்னர்கள் கழற்றிவிட்டுப் பறந்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறலோ எண்ணெய்த் துளியோ இருந்தால் இருட்டில் அது எதிரி விமானம்போலத் தெரியும். நிஜமான எதிரியை அது மறைத்தும் விடும். எனவே நேரடியாகக் காற்றையே முகத்தில் வாங்கிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் இருட்டை உற்றுப் பார்த்தார்கள்.

உற்றுப் பார்ப்பதுதான் வேலை. கன்னர் என்ற பெயரைக் கேட்டால் சுட்டுத் தள்ளுபவர் என்று நமக்குத் தோன்றும். முப்பது பறப்புகள் கொண்ட முழுச் சுற்றையும் முடித்துவிட்டு, எதிரியை நோக்கி ஒருமுறைகூடச் சுடாமல் வீடு திரும்பிய கன்னர்கள் பலர். அவர்களுடைய துப்பாக்கியின் தோட்டா 7.7 மில்லிமீட்டர். எதிரே வரும் ஜெர்மானிய இரவு வேட்டை விமானத்தில் 20 மில்லிமீட்டர் பீரங்கிகள். ஜெர்மானியர் தூரத்தில் நின்றே அடிக்கலாம், கன்னரின் தோட்டா அங்கே போய்ச் சேர்ந்தாலும் வலுவிழந்திருக்கும். சுட்டால் துப்பாக்கி வாயின் ஒளி தன் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். எனவே எதிரி தன்னைப் பார்க்காதவரை சுடாமல் இருப்பதே நல்லது என்று அனுபவம் உள்ள கன்னர்கள் நினைத்தார்கள்.

எதிரி நெருங்குவது தெரிந்த மறு விநாடி இன்டர்காமில் கன்னர் கத்துவார்: இடப்பக்கம் சுருண்டு போ, அல்லது வலப்பக்கம் சுருண்டு போ. விமானி ஒரு கேள்வியும் கேட்காமல், ஒரு கணமும் யோசிக்காமல், முப்பது டன் எடையுள்ள விமானத்தை அந்தப் பக்கம் தலைகுப்புறச் சாய்த்து இறக்கி, மறுபக்கம் திருப்பி, மேலே ஏற்றி, மீண்டும் இறக்குவார். திருகாணிபோலச் சுருண்டு போகும் இந்த வித்தையில் எதிரியின் குறி தவறும். விமானப்படையின் கட்டளை வரிசையில் கீழே இருந்த ஒரு சார்ஜன்ட் சொன்னதும் அதிகாரியான விமானி மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்த தருணம் இது. ஏழு உயிர்களும் அந்த ஒருவர் கண்ணை நம்பி இருந்தன.

ஆனால் அந்தக் கண்ணுக்கும் எட்டாத ஒரு திசை இருந்தது. பெரும்பாலான லான்காஸ்டர்களில் வயிற்றுப் பக்கம் கண்காணிக்க யாருமில்லை. 1943இன் பிற்பகுதியிலிருந்து ஜெர்மானியர் இதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். வேட்டை விமானத்தின் முதுகில் பீரங்கிகளைச் செங்குத்துக்குக் கொஞ்சம் சாய்வாக மேல்நோக்கிப் பொருத்தினார்கள். குண்டுவீச்சு விமானத்தின் அடியில் இருட்டில் மிதந்தபடி, எஞ்சின்களுக்கு இடையே உள்ள எரிபொருள் தொட்டிகளை நோக்கிச் சுட்டார்கள். குண்டுகள் இருக்கும் வயிற்றை அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வெடித்தால் தங்கள் தலையிலேயே விழும். அடிவாங்கிய பலருக்குத் தங்களைத் தாக்கியது எது என்பதே தெரியாது. 1944 மார்ச் 30ஆம் தேதி இரவு நியூரம்பர்க்குக்குப் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்கு அதுவே மிக மோசமான இரவு.

இன்னொரு கொடுமை பாராசூட். பின் கன்னரின் கூண்டுக்குள் பாராசூட் வைக்க இடமில்லை. அது கூண்டுக்கு வெளியே, விமான உடலின் உள்பக்கச் சுவரில் மாட்டியிருக்கும். குதிக்க வேண்டுமென்றால் கூண்டை நேராகத் திருப்பி, பின்பக்கக் கதவுகளைத் திறந்து, கையை நீட்டி பாராசூட்டை எடுத்து, மார்பில் கொக்கி மாட்டி, பிறகு கதவு வெளிக்காற்றைப் பார்க்கும்படி கூண்டை மீண்டும் பக்கவாட்டில் சுழற்றி, முதுகுப்புறமாக வெளியே விழ வேண்டும். இதையெல்லாம் எரிந்து விழும் விமானத்தில் செய்ய வேண்டும். 1944 மார்ச்சில் நிக்கலஸ் ஆல்கமேட் என்ற பின் கன்னர் கதவைத் திறந்தபோது பாராசூட் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. எரிந்து சாவதைவிட விழுந்து சாவது மேல் என்று 18,000 அடி உயரத்திலிருந்து வெறும் ஆளாகக் குதித்தார். ஊசியிலை மரங்களும் பனியும் தாங்கிக்கொண்டதால் கால் சுளுக்கோடு உயிர் பிழைத்தார். இந்தக் கதையை எல்லாரும் வியப்போடு சொல்வார்கள். ஒரு மனிதனை அப்படி முடிவெடுக்கும் நிலைக்குத் தள்ளிய கூண்டின் அமைப்பைப் பற்றித்தான் எனக்குக் கோபம் வருகிறது.

எனக்கு முன்பே கோபப்பட்ட ஒருவர் உண்டு. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இயற்பியல் அறிஞர் ஃப்ரீமன் டைசன், 1943இல் 19 வயதில் குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் புள்ளிவிவர ஆய்வாளராகச் சேர்ந்தார். கன்னர்களின் துப்பாக்கிகளால் விமானத்துக்குப் பாதுகாப்பு கிடைப்பதாக எண்கள் காட்டவில்லை. இரண்டு டரட்டுகளையும் கழற்றிவிட்டால் எடை குறையும், விமானம் மணிக்கு 50 மைல் வேகம் கூடும், விழுந்தால்கூட விமானத்துக்கு இரண்டு உயிர் குறைவாகப் போகும் என்பது அவர் வாதம். மேலிடம் கேட்கவில்லை. தோழர்களைக் காத்து நிற்கும் வீரக் கன்னர் என்ற நம்பிக்கை அங்கே ஆழ வேரூன்றியிருந்தது என்று அவரே பிறகு எழுதினார். அவர் தந்த இன்னொரு கணக்கு இதைவிட வேதனையானது. பகலில் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து ஏறத்தாழ பாதிப் பேர் தப்பினார்கள். பழைய ஹாலிஃபாக்ஸ், ஸ்டர்லிங் விமானங்களிலிருந்து நால்வரில் ஒருவர். லான்காஸ்டரிலிருந்து நூற்றுக்கு 15 பேர் மட்டுமே. குதிக்கும் திறப்பு மிகக் குறுகலாக இருந்ததே முக்கியக் காரணம். அதை அகலமாக்க டைசனின் சக ஆய்வாளர் ஒருவர் மல்லுக்கட்டினார். மாற்றம் வருவதற்குள் போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

துப்பாக்கியைப் பொறுத்தவரை டைசன் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். கண்ணைப் பொறுத்தவரை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பின்னால் யாரோ விழித்திருக்கிறார் என்ற தெம்பில்தான் விமானிகள் ஓட்டினார்கள். அந்தத் தெம்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். இறந்தவர்கள் 55,573. அவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியர்கள். பின் கன்னர்தான் முதலில் சாவார் என்ற பேச்சைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். விமானம் வானத்திலேயே வெடித்தாலும் திறப்புக்குப் போகும் முன் சுழன்று விழுந்தாலும் ஏழு பேருக்கும் ஒரே முடிவுதான். கன்னரின் சாவு மற்றவர்களுடையதிலிருந்து வேறுபடுவது எண்ணிக்கையில் அல்ல, அவர் தனியாகச் செத்தார் என்பதில்.

இனி மினார்ஸ்கி.

ஆண்ட்ரூ சார்லஸ் மினார்ஸ்கி 1916 அக்டோபர் 14ஆம் தேதி கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து குடியேறியவர்கள். அவருக்கு 16 வயதானபோது தந்தை இறந்தார். குடும்பத்தைத் தாங்க வேண்டி, பதனிட்ட தோலை வெட்டும் வேலைக்குப் போனார். சில ஆண்டுகள் அந்த வேலைதான். 1940இல் வின்னிபெக்கின் காலாட்படைப் பிரிவு ஒன்றில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, 1941இல் விமானப்படையில் சேர்ந்தார். முதலில் வயர்லெஸ் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மோர்ஸ் சங்கேதம் அவருக்குப் பிடிபடவில்லை. எனவே கன்னர் பயிற்சிக்கு மாற்றினார்கள். பல கன்னர்களின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. விமானியாகவோ நேவிகேட்டராகவோ ஆக நினைத்து வந்தவர்கள், ஏதோ ஒரு தேர்வில் நழுவி, டரட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

1943 தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்தார். 1944 ஏப்ரலில், வடகிழக்கு இங்கிலாந்தில் மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளத்தில் இருந்த கனடாவின் 419ஆவது ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) வந்து சேர்ந்தார். விமானி ஆர்ட் டி பிரேன். நேவிகேட்டர் ராபர்ட் போடி, குண்டு வீசுபவர் ஜாக் ஃப்ரைடே, வயர்லெஸ் ஜிம் கெல்லி, பிளைட் எஞ்சினியராக ஆங்கிலேயர் ராய் விகர்ஸ். பின் கன்னர் பாட் பிராஃபி. நடுக் கன்னர் மினார்ஸ்கி.

இரண்டு கன்னர்களும் நெருங்கிய நண்பர்கள் ஆனார்கள். பிராஃபி அதிகாரி, மினார்ஸ்கி அதற்குக் கீழ்ப்பட்ட பதவியில் இருந்தார். எனவே இருவருக்கும் தங்குமிடம் வேறுவேறு. இரவில் ஒன்றாக வெளியே போய்விட்டு வந்து பிரியும்போது மினார்ஸ்கி விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "குட் நைட், சார்" என்பாராம். நண்பனிடம் பதவி பார்ப்பதுபோல நடிக்கும் விளையாட்டு. அது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

1944 ஜூன் 12. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஜெர்மானியர் போர்முனைக்கு ஆளும் ஆயுதமும் அனுப்ப முடியாதபடி வடக்குப் பிரான்ஸின் ரயில் சந்திப்புகளை உடைக்க வேண்டும் என்பது கட்டளை. அன்றிரவு பல இலக்குகளுக்கும் சேர்த்து 671 விமானங்கள் கிளம்பின. டி பிரேன் குழுவுக்குக் கிடைத்த இலக்கு கம்ப்ரே ரயில் நிலையம். அது அவர்களுடைய 13ஆவது தாக்குதல். மினார்ஸ்கிக்கு அதிகாரி பதவி வந்திருந்ததும் அந்த நாள்களில்தான். விமானத்தில் ஏறுவதற்கு முன் புல்லில் உட்கார்ந்திருந்தபோது நான்கு இதழ் கொண்ட க்ளோவர் இலை ஒன்று அவர் கண்ணில் பட்டது. மேற்கு நாடுகளில் அது அதிர்ஷ்டச் சின்னம். அதைப் பறித்து பிராஃபியிடம் கொடுத்தார்.

பிரான்ஸ் கரையைக் கடந்தபின் தேடொளி விளக்குகளில் சிக்கி, எப்படியோ உதறிக்கொண்டு வெளியே வந்தார்கள். இலக்கை நோக்கித் தாழ இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் கீழிருந்து யூங்கர்ஸ் 88 வேட்டை விமானம் தாக்கியது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் நின்றன. இடது இறக்கையில் தீ. விமான உடலுக்குள்ளும், சரியாக நடுக் கூண்டுக்கும் பின் கூண்டுக்கும் இடையில், தீப்பிடித்தது. டி பிரேன் எல்லாரையும் குதிக்கச் சொன்னார்.

முன்னால் நடந்ததை முதலில் சொல்கிறேன். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஃப்ரைடே தரைத் திறப்பின் மூடியை இழுத்தபோது காற்று அதைப் பிடுங்கி அவர் நெற்றியில் அடித்தது. நினைவிழந்து திறப்பின் மேலேயே விழுந்தார். அடுத்து வந்த விகர்ஸ் அவருக்கு பாராசூட்டை மாட்டி, விரியும் கயிற்றைப் பிடித்தபடி வெளியே தள்ளிவிட்டு, பிறகு தானும் குதித்தார். ஃப்ரைடே பிழைத்தார். ஆக, அந்த விமானத்தில் அன்றிரவு நண்பனுக்காகத் தாமதித்தவர்கள் இருவர். விகர்ஸுக்கு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, நடுவில் தீ இல்லை.

பின்னால் பிராஃபியின் கூண்டு பக்கவாட்டில் பாதி திரும்பிய நிலையில் நின்றுவிட்டது. அதைச் சுழற்றும் ஹைட்ராலிக் குழாய்கள் அறுந்து போயின. கையால் சுழற்ற ஒரு கைப்பிடி உண்டு; அதைச் சுற்றினார், அது ஒடிந்து கையோடு வந்துவிட்டது. கதவுக்கும் காற்றுக்கும் இடையில் இரும்பு. சிறிய இடைவெளி வழியாக விமானத்தின் உட்புறம் மட்டும் தெரிந்தது.

அந்த இடைவெளியில் அவர் மினார்ஸ்கியைப் பார்த்தார். தன் கூண்டிலிருந்து இறங்கி, பாராசூட்டோடு பின்கதவைத் திறந்துகொண்டு, குதிக்கத் தயாராக நின்றிருந்தார். இருவருக்கும் இடையே சுமார் 15 அடி. மினார்ஸ்கி தலையைத் திருப்பினார். பிராஃபி சிக்கியிருப்பதைக் கண்டார்.

அவர் கதவைவிட்டு வந்தார். தீக்குள் மண்டியிட்டுத் தவழ்ந்து வந்தார். கசிந்த ஹைட்ராலிக் எண்ணெயால் இடுப்புக்குக் கீழே உடை பற்றிக்கொண்டது. அவசரத்துக்கு வைத்திருந்த கோடரியால் கூண்டின் கதவை நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. கோடரியைப் போட்டுவிட்டு வெறும் கையால் இழுத்தார். பிராஃபி கத்தினார், கை அசைத்தார்: என்னால் முடியாது, நீ போ. கொஞ்ச நேரம் மினார்ஸ்கி அதைக் கேட்கவே இல்லை. பிறகுதான் கிளம்பினார். பிராஃபிக்கு முதுகைக் காட்டாமல், அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி ஊர்ந்தார். கதவருகே எழுந்து நின்று, எரியும் உடையோடு விறைத்து நின்று சல்யூட் வைத்தார். உதடு அசைந்தது. சத்தம் கேட்கவில்லை, ஆனால் அவர் என்ன சொன்னார் என்பது பிராஃபிக்குத் தெரியும். பிறகு குதித்தார்.

கீழே இருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஓர் உருவம் எரிந்தபடி இறங்குவதைப் பார்த்தார்கள். பாராசூட்டும் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் கண்டெடுத்தபோது மினார்ஸ்கிக்கு உயிர் இருந்தது. தீக்காயங்கள் மிகக் கடுமையாக இருந்ததால் சற்று நேரத்தில் இறந்தார். வயது 27.

விமானம் பிராஃபியோடு கோதியாம்ப்ரே என்ற ஊரருகே தரையில் மோதியது. இடது இறக்கை ஒரு மரத்தில் அடித்து விமானம் சுழன்றது. அந்த வேகத்தில் பின் கூண்டு பிய்ந்து, பிராஃபி வெளியே வீசப்பட்டார். விமானத்தில் இருந்த 20 குண்டுகளில் இரண்டு மட்டுமே வெடித்தன. கண் விழித்தபோது அவர் உயிரோடு இருந்தார், எலும்புகூட முறியவில்லை. டி பிரேன், போடி, கெல்லி, பிராஃபி ஆகிய நால்வரையும் பிரெஞ்சு மக்கள் ஜெர்மானியர் கண்ணில் படாமல் மறைத்துக் காத்தார்கள். விகர்ஸும் ஃப்ரைடேயும் சிறைபிடிக்கப்பட்டு, பின்னர் மீண்டார்கள். ஏழு பேரில் இறந்தவர் மினார்ஸ்கி ஒருவரே.

அந்த இரவில் அனைத்து இலக்குகளிலும் சேர்த்து 23 விமானங்கள் திரும்பவில்லை. 671இல் 23 என்றால் நூற்றுக்கு மூன்றரைதான், குறைவு என்று தோன்றும். அதே விகிதத்தில் முப்பது முறை போய் வந்தால் பிழைத்திருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே. அதிர்ஷ்ட இலையை ஏன் தேடினார்கள் என்பதற்கு இந்தப் பெருக்கல் போதும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன்.

மினார்ஸ்கி கதவருகே நின்ற அந்தக் கணத்தில் பிராஃபி பிழைப்பார் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. குண்டுகளோடு எரிந்து விழும் விமானத்தின் வாலில் பூட்டப்பட்ட ஆள் பிழைத்ததாக அவர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். விகர்ஸோ டி பிரேனோ பின்னால் என்ன நடக்கிறது என்பதை அறிய வழியே இல்லை. குறுக்குச் சட்டமும் தீயும் நடுவில் இருந்தன. பிராஃபியைப் பார்க்கவும் அவரிடம் போகவும் முடிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார், அவர் பக்கத்தில் திறந்த கதவும் இருந்தது. பிற்பாடு மரத்தில் மோதிக் கூண்டு பிய்ந்ததை வைத்து, அதற்குச் சில நிமிடம் முன்பு எடுத்த முடிவை வீண் என்று சொல்ல முடியாது. விருதுக்கான உத்தரவிலும் அவர் வெற்றி பெற்றார் என்று எங்கும் இல்லை. தன் உயிருக்கான வாய்ப்பை அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்தார் என்பதுதான் அதன் சாரம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் விதிகளின்படி, போர்க்களத்தில் இறந்துவிட்ட வீரருக்குக் கொடுக்க விக்டோரியா கிராஸை விட்டால் அறிக்கையில் பெயர் குறிப்பிடும் சாதாரண மரியாதைதான் இருந்தது. இடைப்பட்ட பதக்கங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே. எனவே மினார்ஸ்கிக்கு ஒன்று மிக உயர்ந்தது கிடைக்க வேண்டும், இல்லையென்றால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது.

அதற்கும் சாட்சி வேண்டும். இருந்த ஒரே சாட்சி பிராஃபி. அவர் பிழைத்திராவிட்டால், மினார்ஸ்கி சற்றுத் தாமதமாகக் குதித்து எரிந்து இறந்தார் என்பதோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். பிராஃபி 1944 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினார். 1945இல் டி பிரேனிடம் நடந்ததை முழுவதும் சொன்னார். டி பிரேன் விடாமல் முயன்றார். 1946 அக்டோபர் 11ஆம் தேதி விருது அறிவிக்கப்பட்டது. ராயல் கனடியன் விமானப்படையில் அந்தப் போரில் இந்த விருதைப் பெற்றவர்கள் இருவர்தான். மற்றவர் டேவிட் ஹார்னெல். நீங்கள் கேட்டபடி பார்த்தால், பிராஃபி பிழைத்தது மினார்ஸ்கியின் செயலை வீணாக்கிவிட்டது என்றாகிறது. உண்மையில் அவர் பிழைத்ததால்தான் உங்களுக்கும் எனக்கும் மினார்ஸ்கி யாரென்று தெரிகிறது. 55,573 பேரில், பின் கூண்டை நோக்கிப் போன நடுக் கன்னர்கள் இன்னும் எத்தனை பேரோ. அவர்களுடைய விமானங்களில் பிராஃபி இல்லை.

அவரது கல்லறை வடக்குப் பிரான்ஸில் மெஹாரிகூர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. வின்னிபெக்கில் ஒரு பள்ளிக்கும் நகராட்சி வார்டு ஒன்றுக்கும் அவர் பெயர். மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் தளம் இன்று பயணிகள் விமான நிலையம். 2005இல் அங்கே அவருக்குச் சிலை வைத்தார்கள். உலகில் இன்னும் பறக்கும் நிலையில் உள்ள லான்காஸ்டர்கள் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று கனடாவின் ஹாமில்டன் நகர அருங்காட்சியகத்தில், மினார்ஸ்கியின் விமானத்தின் எழுத்துகளையும் எண்ணையும் தாங்கிப் பறக்கிறது. அங்கே போக வாய்த்தால் வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். பின்கதவுப் பக்கம் நின்று வாலை நோக்கி உள்ளே பாருங்கள். நிமிர்ந்து நடக்கக்கூட இடம் இருக்காது.

வெற்றி தோல்வியை வைத்து விருது கொடுக்கவில்லை என்பதற்கு இன்னொரு பெயரையும் தேடிப் படியுங்கள்: ஜார்ஜ் தாம்ப்சன், ஸ்காட்லாந்துக்காரர், 9ஆவது ஸ்குவாட்ரனின் வயர்லெஸ் ஆபரேட்டர். 1945 ஜனவரி 1ஆம் தேதி ஜெர்மனியின் டார்ட்மண்ட்–எம்ஸ் கால்வாயைத் தாக்கியபோது அவருடைய லான்காஸ்டர் பற்றி எரிந்தது. முன்னால் பாதுகாப்பாக இருந்தவர், அந்தக் குறுக்குச் சட்டத்தைத் தாண்டிப் பின்னால் போனார். முதலில் நடுக் கன்னர் பாட்ஸை எரியும் கூண்டிலிருந்து இறக்கினார். பிறகு பின் கன்னர் பிரைஸ் தீயில் இருப்பதைப் பார்த்து, வெந்த கைகளோடு மீண்டும் போய் அவரையும் இழுத்து வந்தார். தீயை வெறும் கையால் அணைத்தார். விமானம் நெதர்லாந்தில் தரையில் மோதி இறங்கியது. பாட்ஸ் பிழைக்கவில்லை. பிரைஸ் பிழைத்தார். தாம்ப்சன் மூன்று வாரம் கழித்து ஜனவரி 23ஆம் தேதி இறந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ்தான் கொடுத்தார்கள், மினார்ஸ்கிக்குக் கொடுத்த அதே பதக்கம்.